பெயரில்லாத டின்

ஊத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில்
கிரெயின் நிறுக்கிற தராசு ஒன்றே ஒன்று.
பித்தளைத் தட்டு, கண்ணாடிக் கூண்டு,
ஈரம் குடிக்க உள்ளே ஒரு சுண்ணாம்புக் கட்டி.
காலையில் அதில் குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா,
பொழுது சாய்ந்தால் உத்தையாவின் தோட்டாவுக்கு.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல், மருந்து.
துடைக்கிற துணியை மட்டும்
வேறு வேறாக வைத்திருந்தேன்.

உத்தையா குடகுக்காரர், சின்ன மேனேஜர்.
துப்பாக்கி அவர் அப்பாவுடையது,
இருநூற்று எழுபத்தைந்து.
மானுக்கென்றே பேர்வாங்கிய பழைய தோட்டா.
கப்பலில் வருவது நின்று நாலு வருஷம்.
சுட்ட கூடுகளைப் பொறுக்கி, கழுவி,
ஓவல்டின் டப்பாவில் கொண்டுவருவார்.
மேசையில் வரிசையாய் நிற்கும் அவை,
அம்மை ஊசிக்கு வந்த லயத்துப் பிள்ளைகளைப்போல
வாயைத் திறந்துகொண்டு.

மூன்று டின் வைத்திருந்தார்.
முதலாவது செதில் செதிலாய் இருக்கும்.
குண்டு நகருமுன்னே கோபம் முழுதும் கொட்டிவிடும்,
அடி கூட்டுக்கு, முதுகு துப்பாக்கிக்கு.
"இது பறவைத் தோட்டாவுக்குத்தான் லாயக்கு,
இதுக்கு ஆகாது" என்று அவரே தள்ளிவைத்தார்.
இரண்டாவது, நறுக்கிய சாமை வைக்கோல் நிறத்தில்
குட்டிக் குட்டிக் குச்சி.
மெதுவாய்ப் பிடித்து, குழல் முடிகிறவரை
தள்ளிக்கொண்டே போகுமாம்.
எனக்குக் கன்னடியன் கால்வாய் ஞாபகம் வந்தது,
சத்தமே இல்லாமல்
சேரன்மாதேவி வயலுக்குப் போய்ச் சேருகிற தண்ணீர்.
அது மூன்று கூட்டுக்குத்தான் காணும்.

மூன்றாவது,
செத்துப்போன ஒரு துரையின் சாமான் ஏலத்தில் எடுத்தது.
டின் நிறைய இருந்தது.
மேலே ஒட்டியிருந்த பெயரை மட்டும்
ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

"அதே குச்சி, அதே நிறம்.
மோந்து பாருங்க கம்பவுண்டரம்மா,
வாசனைகூட அதேதான்.
அதே எடை போடுங்க."

தராசுக்கு எடைதான் தெரியும் சார்,
குணம் தெரியாது என்றேன்.
சிரித்தார்.
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
அறுபத்தொன்றில், நாலுமுக்கு ஆஸ்பத்திரியில்,
ஒரே அலமாரியில் இரண்டு வெள்ளைப் பொடி,
ஒன்றுக்குச் சீட்டு உரிந்திருந்தது.
அந்த வருஷத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.
அவரிடமும் பேசவில்லை.
டின்னை மூடி என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.
என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்,
கை நீட்டவில்லை.

மூன்று கூடுகளுக்கு நிறுத்தேன்.
எத்தனை கிரெயின் என்று இங்கே எழுதமாட்டேன்,
அது அந்தக் குழலுக்கும் அந்தக் குண்டுக்கும் நடந்த பேச்சு.
அவர் புத்தகம் தொடங்கச் சொன்ன இடத்தில் தொடங்கினோம்,
அங்கேயே நின்றோம்.
கடைசிக் குச்சியை இடுக்கியால் எடுத்துப் போட்டபோது
முள் நடுவில் வந்து நின்றது.
இருவரும் மூச்சை விட்டோம்.

லைசென்ஸில் ஒரு மிளா பாக்கி.
குதிரைவெட்டிப் பக்கம் போனவர் மூன்றாம் நாள் வந்தார்,
காலெல்லாம் அட்டைக்கடி, மீசையில் பனி.
இரண்டு தோட்டா, ஒரு வெறுங்கூடு.
கூட்டை மேசையில் வைத்து அடியைத் திருப்பிக் காட்டினார்.
விரிசல் இல்லை, கரி இல்லை,
கேப்பின் விளிம்பு உருண்டபடியே இருந்தது.
"மருந்து ரொம்பச் சரி.
நூறு கெஜம்கூட இல்லை, அசையாமல் நின்றது.
நான்தான் தப்பிட்டேன்."
கட்டுப் போடுகிறவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெயரில்லாததை மழை விட்ட ஒரு மத்தியானம்
பின்பக்கப் பாறையில் கோடாக இழுத்து,
நீளக் கம்பு நுனியில் தீ வைத்தோம்.
மஞ்சளாய் ஓடியது,
ஒரு பெருமூச்சு அளவுக்குச் சத்தம்.
வேகமானதா, நிதானமானதா?
இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.
இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் லயத்து மாடத்திக்குக் காய்ச்சல்.
தட்டைத் துடைத்தேன், அதன் துணியால்.
டின்னை வெந்நீரில் கழுவிக் காயவைத்துப்
பஞ்சு போட்டு வைத்தேன்.
மேலே ஒரு சீட்டு ஒட்டி
எழுதினேன்:
பஞ்சு.